வெளியே வந்த கல்

மழை வரப்பார்த்த ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, பெயர் தெரியாத ஒரு நடுகல் தன் பீடத்தை விட்டு இறங்கி, அனுமதிச்சீட்டுக் கொடுக்கிற மேசையைத் தாண்டி, வாசலில் நின்ற ஒரு பழைய சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சைக்கிள் தோழர் ஞானதிரவியத்துடையது. கல்லை வெளியே வரச்சொல்லி எழுதியவரும் அவர்தான். ஆனால் அது வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள் என்று துண்டறிக்கை எழுதியவர் அவர், எழுதியதைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காமல், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடாமல், அந்த நிமிடமே வெளியே வந்த முதல் ஆள் அந்தக் கல்தான்.

ஞானதிரவியத்துக்கு வயது எழுபத்தொன்று. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அவரை விட்டது, அதற்குமேல் அவரைப் படிக்கவைத்தவை கட்சி அலுவலகத் தரையில் கட்டுக்கட்டாகக் கிடந்த மலிவுவிலைப் பிரசுரங்கள். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர். 'முன்னாள்' என்று சேர்த்துச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சேர்க்காமல் சொன்னால் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஒரு மாதத்துக்கு மேலாக அவர் சைக்கிள் மிதித்து வடக்கே வந்திருந்தது இயற்கைக் காட்சிகளைப் பார்ப்பதற்காக அல்ல. சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு சேர்த்து, பழைய டியூப் ரப்பரால் இறுக்கி, ஆள் உயரக் காம்புள்ள ஒரு உப்பு வாரும் பலகையைக் கட்டியிருந்தார்.

பலகை மாடத்தியுடையது. முள்ளுவாடி உப்பளத்தில் மாடத்தி பகலெல்லாம் உப்பு வாரினாள், மாலையில் சங்கத்துச் சுவரொட்டிகளுக்குப் பசை காய்ச்சினாள். மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவாள், கலக்காவிட்டால் ஆடுகள் சுவரொட்டியைத் தின்றுவிடும். ஞானதிரவியம் மூன்று நாள் சாப்பாடு மறந்து எழுதிய முதல் வேலைநிறுத்த அறிவிப்பை முள்ளுவாடி ஆடுகள் ஒரே பகலில் தின்று தீர்த்த பிறகுதான், அவள் பசைவாளியை மற்றவர் கையிலிருந்து பிடுங்கினாள். "நீங்க எம்புட்டு வேணும்னாலும் எழுதுங்க அண்ணாச்சி. மனுசன் வாசிக்கதுக்கு முந்தி ஆடு வாசிச்சிரக் கூடாது. அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன், வேலைநிறுத்தத்தின் நாற்பத்தோராம் நாள், உப்பு ஏற்றிவந்த லாரியை மறித்து நின்றாள். லாரி நிற்கவில்லை. அவள் பெயர் இன்றுவரை ஒரு கல்லிலும் இல்லை, ஒரு காகிதத்திலும் இல்லை. ஏதாவது ஓர் அருங்காட்சியகத்தில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தப் பலகையை வைத்து, கீழே ஒரு சின்ன அட்டையில் அந்தப் பெயரை எழுதவைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் சைக்கிள், அதற்காகத்தான் ஒரு மாத வெயில்.

பெரிய ஊர்களின் பெரிய அருங்காட்சியகங்கள் எடுத்த எடுப்பில் விரட்டிவிடும் என்று அவர் சின்ன ஊர்களாகப் பார்த்துப் போனார். பழைய தாலுகா கச்சேரியில் ஒன்று, மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையில் ஒன்று, சிறைச்சாலையாக இருந்த கட்டடத்தில் ஒன்று, அங்கே காவலாளி இன்னும் பழைய பழக்கத்தில் பார்வையாளர்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார். எல்லாவற்றிலும் ஒரு துருப்பிடித்த பீரங்கி இருந்தது, ஜாடிக்குள் இரட்டைத்தலைக் கன்றுக்குட்டி இருந்தது, பஞ்சு பிதுங்கிய முதலை இருந்தது, ஜமீன்தாரின் பொடிடப்பி, ஜமீன்தாரின் கைத்தடி, ஜமீன்தார் துப்பிய படிக்கம் எல்லாம் இருந்தன. படிக்கத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதில் துப்பியவருக்கு ஒரு முழ நீள வாழ்க்கைக் குறிப்பு, தினமும் அதைக் கழுவியவளுக்கு அரை வரி இல்லை. பலகையை எந்த ஊரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒருவர் நூறு வருடம் பழையதாக இருக்க வேண்டும் என்றார். ஒருவர் தலைமை அலுவலகத்துக்கு மூன்று படிகளில் விண்ணப்பம் என்றார். ஒருவர் பலகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இது எந்த மன்னர் காலம் சார்?" என்று கேட்டார்.

போகிற இடத்திலெல்லாம் வாசலில் ஒரு நீள நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் இருக்கும், பார்வையாளர் கருத்து எழுதுவதற்கு. ஊரார் அதில் நன்று, மிக நன்று, மின்விசிறி ஓடவில்லை என்று எழுதியிருப்பார்கள். ஞானதிரவியம் இரண்டு பக்கம் எழுதுவார். உழைக்கும் மக்களே என்று தொடங்கி, கோரிக்கைகளை எண் போட்டு வரிசைப்படுத்தி, அடியில் 'இவண், ச. ஞானதிரவியம்' என்று கையெழுத்திட்டு, இரண்டு கோடு இழுத்து, பேனா மையைத் தீர்த்துவிட்டுத்தான் வெளியே வருவார்.

பன்னிரண்டாவது அருங்காட்சியகம் மேல்குன்றப்பட்டியில் இருந்தது, வடக்கே மலைகள் தொடங்குகிற இடத்தில். காப்பாட்சியர் திலகமணி பத்தொன்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், எதற்கும் பதறாதவர். பலகையை வாங்கிக்கொள்ள முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஆறுதலுக்கு அந்த நடுகல்லைக் காட்டினார். இடுப்பளவு உயரப் பலகைக்கல், அதில் வில்லோடு ஒரு மனிதன், காலடியில் இரண்டு மாடுகள். ஊர் மாடுகளைக் கவர்ந்துபோனவர்களிடமிருந்து மீட்கப்போய் இறந்தவன் என்று, மேலே வெட்டியிருந்த எழுத்தைப் படித்துச் சொன்னார்.

"ராசா பேரு தெளிவா இருக்கு, ஆண்ட வருசம் தெளிவா இருக்கு, செத்தவன் பேரு இருந்த மூலை மட்டும் எப்படித் தாயி உடைஞ்சுது?" என்று கேட்டார் ஞானதிரவியம்.

"ரொம்ப நாள் துணி துவைக்கிற கல்லா கிடந்துச்சுங்க ஐயா. அடிச்சு அடிச்சு அந்த மூலை போயிருச்சுங்க."

"ராசா பேரு மேல ஒரு துணியும் விழலையாக்கும்."

அன்று நோட்டில் அவர் மக்களுக்கு எழுதவில்லை, கல்லுக்கு எழுதினார். யாருடைய மாட்டுக்காகவோ செத்தாய், உன் பெயரை அழித்தார்கள், கொன்றவனைவிட உன்னைக் காட்சிக்கு வைத்தவன் மோசம், இன்னும் எத்தனை காலம் இந்த மூலையில் நிற்பாய், தோழரே, வெளியே வா. இரண்டு கோடு இழுத்துப் பேனாவை வைத்தார். கல் வெளியே வந்தது.

திலகமணி நடமாட்டப் பதிவேட்டை எடுத்து, வெளியே சென்ற நேரம் 11.30 என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'சொந்த வேலை' என்று போட்டார். பிறகு வாசலுக்கு வந்து, "மழை வர்ற மாதிரி இருக்குதுங்க, நனையாமக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"ஆயிரம் வருசம் நனைஞ்ச ஆளு தாயி" என்று சொல்லிவிட்டு ஞானதிரவியம் பெடலை மிதித்தார்.

கல்லுக்குக் கால் இல்லை. பீரோவை நகர்த்துகிறவர்கள் ஒரு மூலையை வைத்து மறுமூலையைத் திருப்புவார்களே, அப்படி இடமூலை, வலமூலை, இடமூலை, வலமூலை என்று அது வந்தது. ஏற்றத்தில் அவரை முந்திவிடும்போல் வந்து, முந்தாமல், பின்சக்கரத்துக்கு ஓர் ஆள் தூரம் தள்ளியே நிற்கும். ஞானதிரவியம் பகுத்தறிவாளர், அற்புதங்களை மறுத்து மூன்று துண்டறிக்கை எழுதியவர். ஆகவே அவர் இதை அற்புதமாக எடுத்துக்கொள்ளவில்லை, அணிசேர்தலாக எடுத்துக்கொண்டார். அணிசேர்ந்தவரை வழிநடத்தும் கடமை இருந்ததால் சைக்கிளைத் தெற்கே திருப்பி, வழியெல்லாம் அதற்கு உபரிமதிப்பு பற்றி விளக்கிக்கொண்டே வந்தார். அத்தனை வருடங்களில் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகாத ஒரே கேட்பாளர் அதுதான்.

வழியில் இருந்த ஊர்கள் கல்லைப் பார்த்து வாய் பிளக்கவில்லை, அவரவர் வேலைக்கு அதை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றுதான் பார்த்தார்கள். டீக்கடைகளில் இரண்டு கிளாஸ் வைத்தார்கள், இரண்டையும் அவரே குடித்தார். சுங்கச்சாவடியில் கல் எந்த வகை வாகனம் என்று மேலிடத்துக்குப் போன் போட்டு, பதில் வருவதற்குள் பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, சைக்கிளோடு சேர்ந்தது என்று விட்டுவிட்டார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, "பின்னாடி ஒளிரும் ஸ்டிக்கர் இல்லாம நெடுஞ்சாலைல வரலாமாய்யா?" என்று கண்டித்து, தம் பையிலிருந்தே ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துக் கல்லின் முதுகில் ஒட்டி அனுப்பினார். ஒரு ஊரில் மூன்று சங்கங்கள் மூன்று கொடிகளோடு வந்து, அந்த வீரன் தங்கள் முன்னோன்தான் என்று ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பேசின. கல் மூன்று பேச்சையும் நின்று கேட்டுவிட்டு, அவர்கள் போர்த்திய மூன்று துண்டையும் தோளில் வாங்கிக்கொண்டு, இடமூலை வலமூலையாகக் கிளம்பிவிட்டது.

மாடு வைத்திருந்தவர்கள் வேறு மாதிரி. அவர்கள் கல்லிடம் புகார் கொடுத்தார்கள். ஒரு பெண் வந்து, தன் எருமை நாலு நாளாகக் காணோம், வலது கொம்பு மடங்கியிருக்கும், தங்கமான குணம் என்று விவரமாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் எருமை தொழுவத்தில் நின்றது. எருமை தானாகத்தான் திரும்பியிருக்கும், கல் இரவு தங்கிய சத்திரத்து வாசலை விட்டு அசையவில்லை, தாமே பார்த்ததாக ஞானதிரவியம் எடுத்துச் சொன்னார். "சரிங்கய்யா, நீங்க சொன்னாச் சரிதான்" என்று அவளும் ஒத்துக்கொண்டு, கல்லுக்கு ஒரு சொம்பு பால் ஊற்றினாள்.

மேல்குன்றப்பட்டியில் திலகமணி காலிப் பீடத்தில் 'சுற்றுப்பயணத்தில் உள்ளது' என்று ஓர் அட்டை வைத்தார். கல் இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் அது இல்லாததைப் பார்க்க வரிசையில் வந்தார்கள்.

தெற்கே வரும் வழியில் இன்னும் நாலு அருங்காட்சியகங்கள் கையை விரித்தன. பதினேழாவது கரிசல்புதூரில் இருந்தது. அதன் காப்பாட்சியர் பரஞ்சோதி சுறுசுறுப்பான மனிதர், கல் வருகிற செய்தி கேட்டு நாலு நாளாகத் தயாராக இருந்தவர். வாசலுக்கே ஓடிவந்து ஞானதிரவியத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தனி அறை ரெடி பண்ணிட்டேன் தோழர். பளிங்குப் பீடம், மேலே விளக்கு. எங்க மேலிடத்துலயும் மேல்குன்றப்பட்டிலயும் பேசியாச்சு. ஆனா கல்லு உங்க சொல்லுக்குத்தான் நகருதாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லி உள்ளே கூட்டிட்டு வந்துட்டாப் போதும். உங்க பலகைக்கும் அதே அறையில ஒரு பெட்டி. என்ன சொல்றீங்க?"

ஞானதிரவியம் கல்லை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். கண்ணாடிப் பெட்டி நிஜமாகவே இருந்தது, புதுத் துணி விரித்து. அதற்குள் அச்சடித்த அட்டையும் இருந்தது. 'உப்பு வாரும் பலகை. நன்கொடை: தோழர் ச. ஞானதிரவியம்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அரை நூற்றாண்டு தாமே அச்சடித்துத் தாமே ஒட்டிக்கொண்ட பெயர், இன்று இன்னொருவர் செலவில் அச்சாகியிருந்தது. உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது, அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

"தோழர்னு போட்டிருக்கேன், கவனிச்சீங்களா?" என்றார் பரஞ்சோதி.

"கவனிச்சேன். மாடத்தி பேரு எங்க?"

"புழங்கினவங்க பேரு போடுற வழக்கம் இல்லைங்க. கொடுத்தவங்க பேருதான். படிக்கம், பீரங்கி எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"அந்தக் கல்லுக்கு?"

பரஞ்சோதி பளிங்குப் பீடத்தின் அட்டையைக் காட்டினார். 'வீரன். பெயர் தெரியவில்லை.'

இந்த அறைக்கு ஞானதிரவியம் புதியவரில்லை. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் வேறோர் அறையில், வேறொரு மேசையில், இதேபோல் மரியாதையான உப்பள நிர்வாகி ஒருவர் அவருக்கு நாற்காலி போட்டார். வேலையிலிருந்து நீக்கிய முப்பத்திரண்டு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், ஒரே ஒரு ஷரத்து என்றார். ஒப்பந்தத்தில் அது ஏழாவது ஷரத்து: 'மேற்படி சம்பவத்தின் நினைவாக உப்பள எல்லைக்குள் சங்கம் எந்தக் கல்லையும் தூணையும் நிறுவக் கூடாது.' முப்பத்திரண்டு வீட்டு அடுப்பை நினைத்து அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு கோடு இழுத்துத்தான் போட்டார். அதற்குப்பின் முள்ளுவாடி மண்ணை அவர் மிதிக்கவில்லை.

இப்போது அவர் பெட்டிக்குள் கைவிட்டுத் தம் பெயருள்ள அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தோழர், அது எங்க அட்டை" என்றார் பரஞ்சோதி.

"பேரு என்னோடதுல்லா?" என்றார் அவர்.

வாசல் நோட்டில் எதுவும் எழுதாமல் அவர் வெளியேறினார். பதினேழு அருங்காட்சியகங்களில் அது முதல்முறை. வெயிலில் மூன்று துண்டுகளைப் போர்த்திக்கொண்டு கல் நின்றிருந்தது. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அதனிடம் ஏழாவது ஷரத்தைச் சொன்னார், யாரிடமும் இதுவரை வாயால் சொல்லாததை, ஒரு சொல் விடாமல், கையெழுத்தும் கோடுகளும் உட்பட. கல் கேட்டது. பிறகு சைக்கிளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, இடமூலை, வலமூலை என்று தென்கிழக்கே நடக்க ஆரம்பித்தது. இந்தமுறை ஞானதிரவியம் பின்னால் போனார். முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் மினுங்க அது போன வேகத்துக்கு அவருக்கு மூச்சு வாங்கியது.

மூன்றாம் நாள் காலையில் முள்ளுவாடி வந்தது. சாலை முடிந்து உப்பளம் தொடங்குகிற இடத்தில் அவர் இறங்கி நின்றுவிட்டார். கல் நிற்கவில்லை. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் போய், லாரி நிற்காமல் போன அந்தச் சிறுபாலத்துக்குப் பக்கத்தில், உப்பு லாரிகள் வரும் திசையைப் பார்த்து நின்றது. அதற்குமேல் அது அசையவில்லை.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். பேச்சித்தாய் அவர்களுக்குத் தலைவி மாதிரி, லாரி மோதிய அன்று பத்து வயதுப் பிள்ளை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"யாரது, அண்ணாச்சியா? நாப்பத்தாறு வருசம் களிச்சு வாரவுக வெறுங்கையோட வராம கல்லோடதான் வந்திருக்கீய!"

"நான் கொண்டாரல தாயி. அதுவா வந்தது."

"அப்பம் அங்கனயே ஏன் நிக்கீய? கல்லே வந்துட்டு, உங்களுக்கு என்ன சங்கடம்?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் கால்வைத்தார். உப்புத்தரை பழையபடியே காலுக்கடியில் நொறுங்கியது.

மேலாளர் பழைய ஒப்பந்த நகலோடு ஓடிவந்தார். ஏழாவது ஷரத்தை உரக்க வாசித்தார். பேச்சித்தாய் காதில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "சங்கம் நிறுவக் கூடாதுன்னுதான சார் போட்டிருக்கு? யாரு நிறுவுனா? கேமரா வச்சிருக்கீயள்ளா, போட்டுப் பாருங்க" என்றாள். போட்டுப் பார்த்தார்கள். கல் தானாக வந்து தானாக நின்றது தெளிவாகப் பதிவாகியிருந்தது. வக்கீல் இரண்டு நாள் புத்தகம் புரட்டியும், கல் தன்னிஷ்டப்படி வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு ஷரத்தும் அகப்படவில்லை. கடைசியில், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கல்லின் பெயருக்கே நிர்வாகம் ஒரு நோட்டீஸ் தயாரித்தது. பெயர் தெரியாததால் 'கல் அவர்களுக்கு' என்று போட்டு, துத்தம் கலக்காத வெறும் மைதாப் பசை தடவி அதன் நெஞ்சில் ஒட்டியது.

மத்தியானத்துக்குள் ஆடுகள் நோட்டீஸைத் தின்றுவிட்டன. மறுநாள் இன்னொன்று ஒட்டினார்கள், அதையும் தின்றன. மூன்றாவதை ஒட்ட வந்த காவலாளியை, அவர் ஒட்டி முடிக்கும்வரை, ஆடுகள் வரிசையாக நின்று பார்த்தன. நிர்வாகம் அத்தோடு விட்டது.

அதற்குள் பேச்சித்தாயின் பலகை உடைந்துபோக, அவள் யாரையும் கேட்காமல் சைக்கிளிலிருந்து மாடத்தியின் பலகையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கிவிட்டாள். ஞானதிரவியம் கம்பியில் தொங்கிய டியூப் ரப்பரைச் சுருட்டி எடுத்துவைத்தார். பலகை பழைய சத்தத்தோடு உப்பைக் கூட்டியது.

அன்று மாலை அவர் ஒரு வாளி கடன்வாங்கி, மூன்று கல் கூட்டி, மைதாவைக் கரைத்து, மயில்துத்தத்தைப் பொடித்துப்போட்டுப் பசை காய்ச்சினார். முதல்முறை கட்டி தட்டியது, பெண்கள் சிரித்தார்கள், மறுபடி காய்ச்சினார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். அச்சில்லாத பக்கத்தைத் திருப்பிவைத்து, கொட்டை எழுத்தில் 'மாடத்தி' என்று எழுதினார். அவர் எழுதிய துண்டறிக்கைகளிலேயே அதுதான் சின்னது. உழைக்கும் மக்களே என்று தொடங்கவில்லை, இவண் என்று முடிக்கவில்லை, கோடும் இழுக்கவில்லை. தம் பெயர் இருந்த பக்கத்தில் பசையை வழித்துத் தடவி, கல்லில் பெயர் உடைந்த மூலையில் அழுத்தி ஒட்டினார்.

"மழை பெஞ்சாப் போயிரும்லா அண்ணாச்சி?" என்றாள் பேச்சித்தாய்.

"போனா மறுபடி ஒட்டணும். வேற என்ன வேலை நமக்கு?"

ஒரு ஆடு வரப்பில் ஏறி வந்தது. அட்டையை மோந்து பார்த்தது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாக மோந்து, ஒரு தும்மல் போட்டுவிட்டு, தின்னாமல் போய்விட்டது.